உப்புவாசல் காவலன் சொன்ன ஒரு வரி

“செத்துப்போனவன் இருபத்தஞ்சு அத்தியாயம் தாண்டி வந்து பேசறான். பேசாம பேய்க்கதைன்னு அட்டைல போட்டிருக்கலாம்,” என்றேன் நான்.

மேடம் என்னை முறைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தாளரம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பதிப்பாளர் மட்டும், மகனைப் பற்றிப் புகார் கேட்க ஹெட்மாஸ்டர் அறைக்கு வந்த அப்பா மாதிரி, எல்லோரையும் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

நடுவழியில் ஏறியவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் முன்னாள் பஸ் கண்டக்டர். பயணிகளிடம் வாயடித்தே வேலையைத் தொலைத்தவன். ‘சில்லறை’ என்ற பட்டப்பெயர் மட்டும் என்னோடு இறங்கி வந்துவிட்டது. மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடித்துக் கை பழகியவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். எங்கள் ஆபீஸில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அப்புறம் நான்.

கேஸ் இதுதான். ‘உப்புவாசல்’ என்று ஒரு நாவல். ஒன்பது பாகமாக வரப்போகிற மாயாஜாலக் காவியத்தின் முதல் பாகம். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். முன்னால் மடித்து வைத்த வரைபடம், பின்னால் யார் யாருக்குப் பிள்ளை என்று வம்சாவளி. விற்பனை சக்கைப்போடு போடுகிறது. ஆனால் யாரோ ஓர் ஆசாமி ஊரில் உள்ள புத்தகக் கடைகளுக்குள் நுழைந்து, அலமாரியில் இருக்கும் பிரதிகளைத் திறந்து, நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியின் மேல் மெல்லிய பட்டையை ஒட்டி மறைத்துவிட்டுப் போகிறார்.

மறைக்கப்பட்ட வரி உப்புவாசல் கோட்டையின் காவலன் பேசுவது. கோட்டை எரிந்த இரவில் கிழட்டு ராஜா உள்ளே மாட்டிக்கொண்டாரே, அப்போது நீ எங்கே போனாய் என்று கேட்கிறார்கள். அவன் சொல்கிறான்: ‘உள்ளேயிருந்து கூப்பிட்டது கேட்டது. கேட்காதவன்போல் படியிறங்கிவிட்டேன்.’

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் காவலன் ஆறாம் அத்தியாயத்திலேயே அம்பு பட்டுச் செத்தாயிற்று.

“கதைல முந்நூறு பேருக்கு மேல இருக்காங்க,” என்றார் எழுத்தாளரம்மா மெதுவாக. “அவனக் கொன்னது எனக்கே மறந்துபோச்சு. அச்சாகி வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.”

“அதனாலதான் சொல்றேன்,” என்றார் பதிப்பாளர். “அந்தப் பிழைய நினைச்சு வெட்கப்படற யாரோதான் ஒட்டி மறைக்கறாங்க. ஆளக் கண்டுபிடிச்சு நிறுத்தச் சொல்லுங்க. வாசகருங்க என்னமோ பெரிய ரகசியம்னு கதை கட்டறாங்க.”

“அதுக்கில்ல,” என்று எழுத்தாளரம்மா குறுக்கிட்டார். கையைப் பிசைந்துகொண்டிருந்தார். “முழுப் புத்தகத்துலயும் அந்த ஒரு வரிதான் நான் கற்பனை பண்ணாம எழுதினது. அதையே பார்த்து ஒட்டியிருக்காங்கன்னா, என்னைப் பத்தி யாருக்கோ தெரிஞ்சிருக்கு. அது யாருன்னு தெரியற வரைக்கும் என்னால அடுத்த பாகத்துல ஒரு வரி எழுத முடியாது. வெளியில தலை காட்டவே கூசுது.”

“என்ன தெரிஞ்சிருக்கு?” என்றார் மேடம்.

“அத மட்டும் கேக்காதீங்க.”

பதிப்பாளர் என் காதருகே வந்து, “இன்னும் எட்டு பாகம் இருக்கு,” என்றார், அழுகிற குரலில்.

பதிப்பகத்தை விட்டு வெளியே வந்ததும் மேடம் பட்டை ஒட்டிய பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பட்டையின் நிறம் தாளின் அதே மங்கலான வெண்மை. விளிம்பு பிளேடால் சீவிய மாதிரி நேர். வரிக்கு மேலேயும் கீழேயும் ஒரு மயிரிழை கூடத் தாண்டவில்லை.

“தொழில் தெரிஞ்ச கை,” என்றார். “இந்தப் பிழைக்காக யாருக்கு மானம் போகும்? எழுதினவங்களுக்கு. அவங்க இல்லை. அச்சடிச்சவனுக்கு ஒரு கவலையும் கிடையாது. மிச்சம் யாரு?”

“புரூஃப் பார்த்தவர்.”

“வண்டிய எடு.”

புரூஃப் பார்த்தவரின் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்க மேலே போனால், உள்ளே விருந்தாளிகள். மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல நாற்காலியில், மாமனார் ஸ்டூலில். ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“யாருங்க?”

“உப்புவாசல் விஷயமா வந்திருக்கோம்,” என்றார் மேடம். “நானூத்திப் பன்னிரண்டாம் பக்கம்.”

புன்னகை அப்படியே நின்றுபோயிற்று.

“உள்ள போய்ப் பேசலாமா?” என்றார். அவர் கண் மாப்பிள்ளையின் பக்கம் ஒரு முறை போய் வந்தது.

“இங்கேயே சொல்லலாமே. நீங்கதானே?”

நான் மேடத்தின் முழங்கையை லேசாக இடித்தேன். அவருக்கு அது உறைக்கவில்லை. ஆள் மாட்டிக்கொண்டான் என்று தோன்றிவிட்டால் அவருக்குச் சுற்றி இருப்பவர்கள் தெரியமாட்டார்கள்.

“நான்தாங்க,” என்றார் அவர் தரையைப் பார்த்து. “என் தப்புதான். இத்தனை வருஷத் தொழில்ல இப்படி ஒரு கேவலம் வந்ததில்ல. சாப்பாடே இறங்கல. இனிமே நடக்காதுங்க.”

“இனிமே செய்யாம இருந்தா சரி.” மேடம் அங்கேயே நின்று பதிப்பாளருக்குப் போன் போட்டார். “ஆள் கிடைச்சாச்சு. உங்க புரூஃப் ரீடர்தான். ஒப்புக்கிட்டார்.”

டீ கொண்டுவந்த மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை செல்போனை எடுத்து, அதில் ஒன்றுமே இல்லாதபோதும் தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தார். யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு உட்கார மனசு வந்திருக்காது.

படியில் இறங்கும்போது மேடம் முன்னால் போனார். எனக்கு வாய் சும்மா இருக்காதே, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இறங்கினேன்.

“அட, இந்தப் பிணத்துக்கு வந்த துணிச்சலப் பாருங்க மேடம். அடுத்த பக்கத்துல தீப்பந்தம் வேற கேக்கறான். ‘தீப்பந்தத்தை இப்படிக் கொடு, வழி காட்டுகிறேன்’னு அதே காவலன். செத்தும் டியூட்டி பார்க்கறான்.”

மேடம் சட்டென்று நின்றார். நான் அவர் முதுகில் மோதாமல் தப்பித்தது பெரிய காரியம்.

“என்ன சொன்ன?”

“டியூட்டி பார்க்கறான்னு...”

“நானூத்திப் பதிமூணாம் பக்கத்துலயும் அவன் பேசறானா? அதுல பட்டை இருக்கா?”

“இல்ல.”

அவர் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“சில்லறை, செத்தவன் பேசறத மறைக்கணும்னா ரெண்டு எடத்துலயும்ல ஒட்டணும்? புரூஃப் பார்க்கறவர் பக்கத்துப் பக்கத்த விடுவாரா? ஒட்டினவனுக்கு அவன் பேசினது பிரச்சினையே இல்ல. என்ன பேசினான்ங்கறதுதான் பிரச்சினை.”

“அப்போ மேல அந்த மனுஷன் எதுக்கு ஒத்துக்கிட்டார்?”

“அவர் ஒத்துக்கிட்டது பிழைய கவனிக்காம விட்டத. நான் ஒட்டறதப் பத்தி வாயே திறக்கல.” கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். “மாப்பிள்ளை முன்னாடி வச்சு அந்த மனுஷன் மானத்த வாங்கிட்டேனே.”

“போன்ல சொல்லிக்கலாம் மேடம்.”

“நேர்ல கெடுத்துட்டுப் போன்ல சரி பண்றதா? வா.”

மறுபடி மூன்று மாடி. கதவைத் திறந்தது மாப்பிள்ளை. மேடம் வாசலிலேயே நின்று, உள்ளே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “நான் தப்பா சொல்லிட்டேன். புத்தகத்துல பட்டை ஒட்டற ஆளத் தேடி வந்தேன். அது இவர் இல்ல. விசாரிக்காம பேசினது என் தப்பு. மன்னிச்சிடுங்க.” அதே இடத்தில் பதிப்பாளருக்கும் போன் போட்டு அதையே சொன்னார்.

புரூஃப் பார்த்தவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். “இருந்தாலும் செத்த காவலன் பேசறத நான் பார்க்காம விட்டது நிஜம்தானே,” என்றார், இன்னும் தலை நிமிராமல்.

“மாமா, நான் அந்தப் புத்தகத்த ரெண்டு தடவை படிச்சுட்டேன்,” என்றார் மாப்பிள்ளை. “அவன் செத்தது எனக்கும் ஞாபகம் இல்ல. அந்தச் சண்டைல யாருதான் சாகல?”

அதற்கு மாமியார் சிரித்தார். மாமனாரும் சிரிக்கப் பார்த்தார். எங்களுக்கும் டீ கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கூச்சத்தோடு நான் டீ குடித்ததில்லை. ஒரு விஷயம் புரிந்தது, மேடத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியும், பழக்கம்தான் இல்லை.

வண்டியில் ஏறியதும் மேடம் நகத்தால் பட்டையின் ஒரு முனையை மெல்லக் கிளப்பினார். அது பூப்போலக் கழன்று வந்தது. தாள் கிழியவில்லை. அடியில் இருந்த மை அப்படியே இருந்தது.

“எதிரியா இருந்தா பேனாவால கிறுக்கியிருப்பான்,” என்றார். “இல்ல, பக்கத்தையே கிழிச்சிருப்பான். இவன் வரிய மறைக்கணும், ஆனா புத்தகத்துக்கு ஒரு கீறல் விழக்கூடாது. யாரு இப்படிப் பார்த்துப் பார்த்து ஒட்டுவா?”

“புத்தகத்து மேல பாசம் இருக்கறவன்.”

“இல்ல எழுதினவங்க மேல.” பட்டையைப் புரட்டி என் மூக்கருகே நீட்டினார். “இது என்ன டேப்?”

இது எனக்குத் தெரிந்த சங்கதி. “மாஸ்கிங் டேப். என் மச்சான் ஸ்கூட்டருக்குப் பெயின்ட் அடிச்சப்ப பார்த்திருக்கேன். பெயின்ட் படக்கூடாத எடத்துலல்லாம் இத ஒட்டித்தான் ஸ்ப்ரே அடிப்பாங்க. வேலை முடிஞ்சதும் தடம் இல்லாம உரிச்சிடலாம்.”

டேப்பின் ஓரத்தில் நீல நிறத்தில் பொடி மாதிரி ஏதோ படிந்திருந்தது. மேடம் அதைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தார்.

எழுத்தாளரம்மாவுக்குப் போன் போட்டு ஒரே கேள்விதான் கேட்டார். “உங்க வீட்ல யாராவது காருக்குப் பெயின்ட் அடிக்கறாங்களா?”

மறுமுனையில் பதில் மெதுவாக வந்தது. “எங்கண்ணன்.”

“நாங்க மட்டும் போய்ப் பேசட்டுமா?”

“வேணாம். நானும் வர்றேன்.”

பட்டறை ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு நீலக் கார், கண்ணாடி விளக்கெல்லாம் செய்தித்தாளும் டேப்புமாக மூடப்பட்டு, கண்ணைக் கட்டிய ஆள் மாதிரி நின்றது. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு ஒருவர் எழுந்து வந்தார். தங்கையைப் பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது.

அவருக்குப் பின்னால், பெயின்ட் டப்பாக்கள் இருந்த அலமாரியின் மேல்தட்டில், ‘உப்புவாசல்’ வரிசையாக அடுக்கியிருந்தது. எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு துளி பெயின்ட் படாமல்.

“கடைல நின்னு ஒட்ட முடியாதப்பல்லாம் வாங்கிட்டு வந்துட்டீங்க போல,” என்றார் மேடம்.

அவர் மறுக்கவே இல்லை. கையிலிருந்த துணியைத் திருகிக்கொண்டே தங்கையைப் பார்த்தார்.

“பாப்பா, உன் புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு பார்த்துத்தான் ஒட்டினேன். நீ இவ்ளோ பெரிய கதை எழுதியிருக்கேன்னு நான் ஊரெல்லாம் பெருமை பேசறேன். அந்த ஒரு வரிய மட்டும்... படிக்க முடியல பாப்பா. யாராவது படிச்சுட்டு, இந்தக் காவலன் உன் அண்ணன்தானேன்னு கேட்டா என்ன பண்ணுவேன்?”

“உன்னையா?” என்றார் எழுத்தாளரம்மா.

“என்னைத்தானே எழுதியிருக்க? நான் ஓடினது உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் எனக்குப் புரியல.” அவர் எங்கள் பக்கம் திரும்பினார். முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். “எங்கப்பா ஆஸ்பத்திரில கடைசியா கிடந்தப்போ அன்னிக்கு ராத்திரி என் முறை. தங்கச்சிய வீட்டுக்கு அனுப்பிட்டேன். அவருக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்க ஆரம்பிச்சது. எனக்கு அதப் பார்க்க தைரியம் இல்ல. வராந்தாவுக்கு வந்துட்டேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார். ஜன்னல் வழியா பார்த்தா, பாப்பா ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி உள்ள வந்துக்கிட்டிருந்தா. சரி, அவ வந்துட்டா, அவ பார்த்துக்குவான்னு பின்படி வழியா இறங்கிட்டேன். விடியறதுக்குள்ள போய்ட்டார்.”

துணியால் முகத்தைத் துடைத்தார். கன்னத்தில் நீலம் ஒட்டிக்கொண்டது.

“வெட்கங்கெட்டவன்தான் நான். ஆனா ஒண்ணு, அவர் தனியா போகல. இவ பக்கத்துல இருந்தா. அத நினைச்சுத்தான் இத்தனை வருஷமும் தூங்கறேன்.”

நான் எழுத்தாளரம்மாவைப் பார்த்தேன். அவர் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். ஈரப் பெயின்ட் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

“அண்ணே,” என்றார். “நான் உன்னை எழுதல. என்னை எழுதினேன்.”

“என்ன பாப்பா சொல்ற?”

“வீட்டுக்குப் போயும் இருப்புக் கொள்ளல. திரும்பி வந்தேன். பாதிப்படி ஏறினப்போ அப்பா கூப்பிடற சத்தம் கேட்டுச்சு. மேல ஏறி வர தைரியம் வரல. நீ உள்ள இருக்கே, நீ பார்த்துக்குவேன்னு நினைச்சேன். திரும்பி இறங்கிட்டேன். காலைல வந்தப்போ நீ கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த. ராத்திரி பூரா நீதான் இருந்தேன்னு...”

“நான் விடிஞ்சப்புறம்தான் வந்தேன். எல்லாம் முடிஞ்சிருந்தது. நீ கூட இருந்துட்டு வீட்டுக்குச் சொல்லப் போயிருப்பேன்னு நினைச்சேன்.”

“நீ கேக்கவே இல்லையேண்ணே.”

“கேட்டா, நீ எங்க போனேன்னு நீ கேப்பியே.”

மேடத்தின் செல்போன் அடித்தது. பதிப்பாளர். அவர் பேரைப் பார்த்துவிட்டு மேடம் அதை அணைத்தே போட்டுவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அங்கே நின்றதற்கும், கேட்டதற்கும், ஆளைப் பிடித்துவிட்டோம் என்று வழி முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்ததற்கும். அண்ணன் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு பிழைத்திருந்தார், தங்கையும் அதே பொய்யை வைத்துக்கொண்டு பிழைத்திருந்தார். இரண்டு பேர் கையிலிருந்தும் அதைப் பிடுங்கிப் போட்டது நாங்கள்தான்.

“நாம வந்திருக்கவே கூடாது,” என்றார் மேடம் வாய்க்குள்ளேயே.

பட்டறைக்குள் அண்ணன் ஒரு முக்காலியைத் துடைத்துத் தங்கையின் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். தங்கை உட்காரவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நடுவில் அந்தக் காரை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“அப்போ அவர் பக்கத்துல...” என்று ஆரம்பித்தார் அண்ணன்.

“யாரும் இல்லண்ணே.”

“ரொம்ப நேரம் கூப்பிட்டாரா?”

“நான் கீழ இறங்கி வாசல் கேட்டுக்கு வர்ற வரைக்கும் கேட்டுச்சு,” என்றார் தங்கை.